லேசர் பிரிண்டரில் அட்டை: தவறான ஒரு தடை

வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் சிறிய லேசர் பிரிண்டரில் கனத்த அட்டையை அச்சிடக் கூடாது என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. பள்ளி அலுவலகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் அதற்கு ஒரே மாதிரியான காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன: அட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும், டோனர் ஒட்டாமல் உதிரும், மெஷின் கெட்டுப்போகும், அட்டை வேலை என்றால் அச்சகத்துக்குப் போக வேண்டும் அல்லது இங்க்ஜெட் வாங்க வேண்டும். சிக்குவதும் உதிர்வதும் நடப்பவைதான். ஆனால் அட்டையின் கனத்தை அவற்றுக்குக் காரணமாகச் சொல்வது தவறு. மெஷின் கெடும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. அச்சகத்துக்குப் போகச் சொல்லும் அறிவுரையோ சில ஊர்களில் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது.

சித்தேரி அப்படிப்பட்ட ஊர். தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலைமேல் பரந்து கிடக்கும் ஊராட்சி அது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் 60-க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அதில் அடங்கும். அச்சக வேலை என்றால் மலை இறங்கி அரூருக்குத்தான் போக வேண்டும். ஒரு வகுப்புக்கு வேண்டிய முப்பது எழுத்தட்டைகளோ, சாமை அரிசிப் பொட்டலத்தில் கட்ட வேண்டிய ஐம்பது விவரச் சீட்டுகளோ ஒரு பகல் பயணத்துக்கும் அச்சகத்தின் குறைந்தபட்சக் கட்டணத்துக்கும் உரிய வேலையாகிவிடுகின்றன. அதனால் பெரும்பாலும் அவை செய்யப்படாமலே போகின்றன. அலுவலக மேசையில் ஒரு லேசர் பிரிண்டர் இருந்தும் இந்த நிலை என்றால், குற்றம் அந்தப் பிரிண்டரைப் பற்றிய தவறான கருத்தினுடையது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக்கு அட்டை புதிய பொருளும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், அட்டைகளையே அடித்தளமாகக் கொண்டது. ஏணிப்படி போல் வரிசைப்படுத்திய அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மாணவர் தம் வேகத்தில் மேலே போக வேண்டும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்பறையிலும் அட்டைக்கு இடமுண்டு. அட்டை கைப்படும் பொருள். கிழியும், தொலையும், அழுக்காகும். தொலைந்த ஒன்றை அன்றைக்கே அச்சிட்டுச் சேர்க்க முடிந்தால்தான் அந்தத் தொகுதி முழுமையாக இருக்கும்.

டோனர் உதிர்வதன் காரணத்தை அறிய, லேசர் பிரிண்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் ஊறும் மை கிடையாது. டோனர் என்பது நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. நிலைமின்னூட்டத்தால் அது டிரம்மில் எழுத்து வடிவில் படிகிறது. அடியிலிருக்கும் டிரான்ஸ்ஃபர் ரோலரின் மின்விசையால் தாளுக்குத் தாவுகிறது. அந்தக் கட்டத்தில் அது வெறும் தூள், ஊதினால் கலையும். அடுத்து வரும் பியூசர்தான் கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழுத்தத்திலும் பொடியை உருக்கித் தாளின் நார்களோடு பிணைக்கிறது. இந்த முறையின் முதல் நாளிலிருந்தே சூடு அதன் பகுதி. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் உலர்நகலை எடுத்தபோதும், பொடியை மெழுகுத்தாளுக்கு மாற்றிச் சூடேற்றித்தான் நிலைக்கவைத்தார்.

தாளின் ஒரு புள்ளி பியூசரின் அழுத்தத்துக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், உள்ள ஏ4 தாளின் எடை 5 கிராம், 160 ஜிஎஸ்எம் அட்டையின் எடை 10 கிராம். அதே நேரத்தில், அதே சூட்டில், எடை கூடிய அட்டை வெப்பத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மேலே இருக்கும் டோனர் முழுதாக உருகுவதில்லை. தோசை வேகும் நேரத்தில் அடை வேகாது. தீயையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். அந்த மாற்றத்துக்கான வசதியைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பிரிண்டரிலும் வைத்திருக்கிறார்கள். பிரிண்ட் கொடுக்கும் சாளரத்தில் பேப்பர் டைப் என்றோ மீடியா டைப் என்றோ ஒரு பட்டியல் இருக்கும். எச்பியில் ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி, கார்ட்ஸ்டாக். கேனனில் ஹெவி பேப்பர், ஹெவி பேப்பர் எச். பிரதரில் திக் பேப்பர், திக்கர் பேப்பர். அதைத் தேர்ந்தெடுத்தால் பியூசரின் சூடும் தாள் நகரும் வேகமும் மாறுகின்றன. டோனரைத் தாளுக்கு இழுக்கும் மின்னழுத்தமும் பல வகைகளில் சேர்ந்து மாறுகிறது.

இந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. டிரேயில் அட்டையை வைத்துவிட்டு, அமைப்பைச் சாதாரணத் தாளிலேயே விட்டு, உதிர்ந்த எழுத்தைப் பார்த்ததும் லேசரில் அட்டை நிற்காது என்று முடிவுகட்டுகிறார்கள். சிறிய பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாளின் கனத்தைத் தாமாக அறியும் திறன் கிடையாது. சொன்னதை நம்பித்தான் அவை வேலை செய்கின்றன. கைப்பேசியிலிருந்து அனுப்பும்போது இந்தப் பட்டியல் பல நேரங்களில் கண்ணிலேயே படாது. அட்டை வேலையைக் கணினியிலிருந்து கொடுப்பதே முறை.

சரியாகப் பிணைந்ததா என்று அறிய ஒரு எளிய சோதனை போதும். முழுக் கறுப்பாக அச்சான ஓர் இடத்தில் செலோ டேப்பை ஒட்டி, விரலால் ஒருமுறை தேய்த்து, மெதுவாக உரிக்க வேண்டும். டேப்பில் எழுத்தின் வடிவமே கறுப்பாகப் பெயர்ந்து வந்தால் பியூசர் தன் வேலையைச் செய்யவில்லை. அமைப்பை ஒரு படி உயர்த்தி அதே அட்டையில் மீண்டும் அச்சிட்டுச் சோதித்தால், டேப்பில் வருவது மங்கலான சாம்பல் நிழலாகக் குறையும், அல்லது அட்டையின் நார் மட்டும் ஒட்டி வரும். ‘ழ’ என்ற எழுத்தின் சுழிவைக் குழந்தை விரலால் தடவிப் பழகும் அட்டைக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். பிணையாத அட்டை என்றால் நான்காவது குழந்தையின் கைக்குப் போகும்போது எழுத்தின் கால் மறைந்திருக்கும், விரல்கள் கறுத்திருக்கும்.

பேப்பர் ஜாம் பற்றிய வாதத்திலும் இதே குழப்பம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. அது தடிமனையும் சொல்லாது, விறைப்பையும் சொல்லாது. பளபளப்புப் பூச்சு ஏற்றி அழுத்திய ஆர்ட் போர்டும், நடுவில் பஞ்சுபோன்ற கூழ் அடுக்கு வைத்த போர்டும் ஒரே ஜிஎஸ்எம்மில் இருந்தாலும் இரண்டாவது கணிசமாகத் தடித்திருக்கும், எளிதில் வளையாது. திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை இப்படிப் பல அடுக்குப் போர்டு செய்வதற்கென்றே அமைந்தது. பெட்டி செய்வோருக்கு எடை குறைவாகவும் விறைப்பு கூடுதலாகவும் வேண்டும். பிரிண்டருக்கோ அந்த விறைப்புதான் தொல்லை. ஒரே பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அடி டிரேயிலிருந்து கிளம்பும் தாள் சின்ன உருளையைச் சுற்றி முழுவதுமாகத் திரும்பி மேலேற வேண்டியிருப்பதால், அந்தத் திருப்பத்தில்தான் அட்டை முரண்டுபிடிக்கிறது.

திருப்பத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. இந்திய அலுவலகங்களில் மிகப் பரவலாக இருந்த கேனன் எல்பிபி 2900-இல் முன்பக்கம் ஒற்றைத் தாளைச் செருகும் மேனுவல் ஃபீட் வாய் உண்டு. எச்பி எம்1005-இலும் அதேபோல் ஒரு வாய் உண்டு. இரண்டும் 163 ஜிஎஸ்எம் வரையிலான தாளை ஏற்பவை என்று அவற்றின் கையேடுகளே சொல்கின்றன. அட்டையே கூடாது என்ற கருத்துக்குத் தயாரிப்பாளரின் எழுத்திலேயே இருக்கும் மறுப்பு இது. பிரதரின் பல வகைகளில் பின்பக்க மூடியைத் திறந்துவிட்டால், அட்டை மேலே வளைந்து ஏறாமல் நேராகப் பின்னால் வெளிவரும். கனத்த தாளுக்கும் உறைகளுக்கும் அந்த மூடியைத் திறக்கும்படி அந்நிறுவனமே சொல்கிறது. மூடிய நிலையில் வில்லாக வளைந்து வரும் அட்டை, திறந்த நிலையில் தட்டையாக வரும்.

நார் ஓட்டமும் இதில் சேர்ந்தது. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன; அந்தத் திசையில் விறைப்பு மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். ஒரே அட்டையிலிருந்து நீளவாக்கில் ஒரு பட்டையும் அகலவாக்கில் ஒரு பட்டையும் வெட்டி, விளிம்பில் பிடித்தால், எது அதிகம் தொங்குகிறதோ அதன் குறுக்கே நார் ஓடுகிறது. சாதாரணத் தாளுக்கு நார் நீளவாக்கில் இருப்பது நல்லது. கனத்த அட்டைக்கு நார் அகலவாக்கில், அதாவது ரோலருக்கு இணையாக, இருந்தால் அது எளிதாகச் சுற்றி வளையும். 25-க்கு 36 அங்குலப் பெரிய தாளிலிருந்து ஒன்பது ஏ4 வெட்டலாம். வெட்டும் கடையில் நார்த் திசையைக் கேட்டு வாங்குவது செலவில்லாத ஒரு காரியம்; அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. வெட்டிய விளிம்பில் பிசிறும் தூசியும் நிற்கும். கட்டை விசிறிபோல் விரித்து உதறிவிட்டு வைக்க வேண்டும். தாளை இழுக்கும் ரப்பர் ரோலர் பழசாகி வழுவழுத்துப்போனால் கனமான அட்டையை அதால் பிடிக்க முடியாது. ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டாலே பல நேரங்களில் பிடிப்பு திரும்பிவிடும். இந்த வழுக்கலையும் ஜாம் கணக்கில் சேர்த்துத்தான் அட்டைமேல் பழி போடுகிறார்கள்.

சித்தேரி போன்ற மலை ஊரில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஈரம். இதைப் பேசுவோர் அநேகமாக இல்லை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைச் சதா உறிஞ்சியும் விட்டும் கொண்டிருக்கும் பொருள். அதனால்தான் காகிதச் சோதனைக்கு 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் கொண்ட அறையை உலகத் தரமாக வைத்திருக்கிறார்கள். அத்தகைய அறையில் தாளின் எடையில் ஐந்தாறு சதவீதம் நீர்தான். வடகிழக்குப் பருவமழையின்போது மலைமேல் மேகம் இறங்கி நிற்கும் நாட்களில், பிரித்துப்போட்ட அட்டைக் கட்டு அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நீரை ஏற்றிக்கொள்ளும். விளிம்புகள் முதலில் ஊறுவதால் அட்டையின் ஓரம் அலையடித்தாற்போல் நெளியும்.

இந்த நீர் மூன்று விதத்தில் கெடுக்கிறது. நீரை ஆவியாக்கப் பெரிய அளவில் வெப்பம் செலவாகிறது. டோனரை உருக்க வேண்டிய சூட்டில் ஒரு பங்கு நீராவியாகிப் போகிறது. ஈரமான அட்டை மின்சாரத்தைக் கடத்திவிடுவதால், டோனரை இழுத்துப் பிடிக்க வேண்டிய மின்னூட்டம் கசிந்துபோய் அச்சு திட்டுத்திட்டாக வெளிறுகிறது. இந்த வெளிறலைப் பார்த்து டோனர் தீர்ந்துவிட்டது என்று புதுக் கார்ட்ரிட்ஜ் போடுகிறவர்கள் உண்டு; வீண் செலவு. மூன்றாவதாக, பியூசரைத் தொட்ட பக்கம் மற்றதைவிட வேகமாக உலர்ந்து சுருங்குவதால் அட்டை சுருள்கிறது. அந்தச் சுருளோடு மறுபக்கம் அச்சிட உள்ளே விட்டால் சிக்குகிறது. பூச்சுள்ள அட்டையில் உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழியின்றிக் கொப்புளமும் போடலாம்.

பரிகாரம் விலையுயர்ந்தது அல்ல. அட்டைக் கட்டை ஆலை உறையோடு வாங்கி, வேண்டிய தாள்களை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. கீழிருந்து குளிர்ந்த மலைக்கோ, மலையிலிருந்து சூடான அறைக்கோ வந்த கட்டை உடனே பிரிக்காமல் சில மணி நேரம் அப்படியே விட வேண்டும். மழை நாளில் ஏற்கெனவே ஊறிய அட்டையை வெறுமனே ஒருமுறை பிரிண்டருக்குள் ஓட்டி உலர்த்தும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அது ஒருபக்கச் சுருளைக் கூட்டுவதால் நல்ல வழியாகாது. கோடையில் இறுகக் கட்டி வைத்த உலர்ந்த அட்டையை ஐப்பசி, கார்த்திகையில் பயன்படுத்துவதே மேல்.

மெஷின் கெடும் என்ற அச்சத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரத்தில் தாள் சிக்கிக் கருகித் தீப்பிடிப்பது உண்டு. அதற்கென்று தீயணைப்பான் ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். அது கதிர்வீச்சுச் சூட்டில் டோனரை உருக்கிய காலம். இன்றைய சிறிய பிரிண்டரில் மெல்லிய உறையும் அதற்குள் சூட்டுணரியோடு கூடிய பீங்கான் சூடேற்றியும் இருக்கின்றன. தாள் நின்றால் சூடும் நிற்கும். கார்ட்ஸ்டாக் அமைப்பில் கூடும் வெப்பம் அட்டையே உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்குக் கணக்கிடப்பட்டது. பியூசருக்கு உண்மையில் கேடு செய்வது எதிர்த்திசையில் இருக்கிறது. சாதாரணத் தாள் அமைப்பிலேயே அட்டையை விட்டால், அரைகுறையாக உருகிய டோனர் பியூசர் உறையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தாளில் ஆவிபோல் மங்கலாக மறுபதிவாகும். நாளடைவில் உறை அழுக்கேறும். மெஷினைக் காப்பதாக நினைத்து அமைப்பைத் தொடாமல் விடுவதுதான் மெஷினைக் கெடுக்கிறது.

பியூசரில் விடக் கூடாத பொருட்கள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எச்சரிக்கை பரவ வேண்டும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்பு போட்டோ பேப்பரின் பூச்சு அந்தச் சூட்டில் இளகி உறையில் ஒட்டலாம். அடையாள அட்டைக்காக விற்கும் பிவிசி ஷீட்டில் இங்க்ஜெட் வகை வேறு, லேசர் வகை வேறு. மாற்றிப் போட்டால் பியூசரையே மாற்ற வேண்டி வரலாம். பின் அடித்த அட்டை, ஜிகினா ஒட்டிய அட்டை, ஏற்கெனவே லேமினேட் செய்தது ஆகியவற்றையும் ஒதுக்க வேண்டும். இவை எதுவும் வெறும் அட்டையின் குற்றம் அல்ல.

இங்க்ஜெட் பற்றிய பரிந்துரையில் பாதி நியாயம் உண்டு. பின்புறமிருந்து தாளை இறக்கும் இங்க்ஜெட்டுகளில் வளைவு குறைவு. வண்ணப் படமும் அவற்றில் அழகாக வரும். ஆனால் சிறிய இங்க் டேங்க் பிரிண்டர்களில் பலவற்றின் மை நீரில் கரையும் சாயம். வியர்த்த கை பட்டாலோ மழைத்துளி தெறித்தாலோ எழுத்து ஊறிப் பரவும். பூச்சில்லாத சாதாரண அட்டையில் விளிம்பு மயிர்விட்டாற்போல் கசியும். டோனர் பிளாஸ்டிக் என்பதால் நீரில் கரையாது. குழந்தைகள் கையில் புழங்கும் அட்டைக்கும் தேன் பாட்டில் கழுத்தில் கட்டும் சீட்டுக்கும் லேசரே பொருத்தம்.

அச்சகத்தின் கணக்கும் தெளிவு. ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் செய்து, மெஷினைச் சரிசெய்யவே ஒரு கட்டுத் தாள் கழியும். ஆயிரக்கணக்கில் ஓட்டும்போது அந்தச் செலவு கரையும். சிவகாசியின் வலிமை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. முப்பது அட்டையும் முப்பது வேறு எழுத்து, பயன்படுத்திப் பார்த்தபின் ஐந்தை மாற்ற வேண்டும் என்ற வேலைக்கு ஆஃப்செட் ஏற்றதே அல்ல. சித்தேரியின் பள்ளிக்கு வேண்டியது அவ்வூர்ப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் சாமையும் கடுக்காயும் புளியும் படமாக உள்ள அட்டை என்றால், அதை அங்கேயே திருத்தித் திருத்தி அச்சிடும் வசதி எந்த அச்சகத்தாலும் தர முடியாதது.

எல்லைகளும் உண்டு; அவற்றை மீறச் சொல்வதும் தவறான அறிவுரையே. 163 ஜிஎஸ்எம் வரை என்று கையேடு சொன்னால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டை அதில் திணிக்கக் கூடாது. தானாகவே இருபக்கம் அச்சிடும் வசதி பெரும்பாலான சிறிய மெஷின்களில் 105 ஜிஎஸ்எம் அளவோடு நிற்கும். அட்டைக்கு அதை அணைத்துவிட்டு, முதல் பக்கம் அச்சானதும் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து ஆறவிட்டுப் பின் மறுபக்கத்தைக் கையால் செருக வேண்டும். இரு பக்கங்களும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகக்கூடும் என்பதால் ஓரத்தில் இடம் விட்டே வடிவமைக்க வேண்டும். டோனர் தாளின் மேல் படிந்த படலம் என்பதால் மடிப்பில் வெடிக்கும். மடிக்கும் கோட்டில் அடர்ந்த கறுப்பு வராமல் பார்த்து, முதலில் கிரீசிங் போட்டு, நார் ஓட்டத்துக்கு இணையாக மடித்தால் வெடிப்பு பெரிதும் குறையும்.

அதற்கும் மேல் கனம் வேண்டுமென்றால், 120 அல்லது 160 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டுப் பழைய காலண்டர் அட்டையின் மேல் ஒட்டலாம். பசையை மெல்லியதாக, ஓரம் வரை சீராகத் தடவி, நடுவிலிருந்து வெளிநோக்கித் துணியால் நீவி, ஓர் இரவு பாரம் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை அந்தப் பக்கமாக வளையும். பின்புறமும் அதே எடைத் தாளை அதே நார்த் திசையில் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை தட்டையாக நிற்கும்.